நாற்றம் மிகுதி, முதல் தரம்

சரிபார்க்காமலே ‘சரிபார்த்தேன்’ என்று இருநூற்று நாற்பது முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அளந்து பார்க்காமல் குறிப்பேட்டில் எண் எழுதிய மாணவர்களை ஆய்வகத்துக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் தாராளமாகச் சிரிக்கலாம்.

நடந்த இடம் வடுகபட்டி. என் மனைவியின் தம்பி அங்கே பூண்டுக் கிட்டங்கி வைத்திருக்கிறான். மலையிலிருந்து இறங்கும் பூண்டை வாங்கி, பெண்களை வைத்துத் தரம் பிரித்து, மூடை கட்டி வெளியூருக்கு அனுப்புவது அவன் தொழில். கேரளத்தில் மசாலா தயாரிக்கும் ஒருவர் அவனுக்குப் பெரிய வாடிக்கை. பூண்டில் ஒரு சங்கடம் உண்டு. மேல்தோல் வெள்ளையாக, கைக்குக் கனமாக, லட்சணமாக இருக்கும். உள்ளே ஒரு பல் அழுகியிருக்கும். போய்ச் சேருவதற்குள் அந்த ஒரு பல் மூடையையே பாழாக்கிவிடும். அந்த வருடம் இரண்டு முறை லாரி போன வழியே திரும்பி வந்தது.

ஒரு நாள் மச்சினன் போன் செய்தான்.

“மச்சான், மூக்கு வச்ச மிஷினு ஒண்ணு இருக்காம்ல. கோயம்புத்தூர்ல ஒரு இன்ஜினியர் பொண்ணு செய்யுதாம். காப்பிக்கொட்டைக்கு, டீத்தூளுக்கெல்லாம் வச்சிருக்காகளாம். பூண்டுக்கும் வைக்கலாம்னு சொல்லுது. நீங்க கெமிஸ்ட்ரி. கூட இருந்து பாத்துச் சொல்லுங்க.”

ஓய்வு பெற்ற மனிதனிடம் ‘நீங்க கெமிஸ்ட்ரி’ என்று சொன்னால் போதும். மறுநாளே அல்லிநகரத்திலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

இயந்திரம் ஒரு தையல் மிஷின் பெட்டி அளவு இருந்தது. கண்ணாடி ஜாடியில் பூண்டைப் போட்டு மூடி, லேசாகச் சூடு காட்டினால் உள்ளே காற்றில் வாசம் நிறையும். ஒரு ரப்பர் குழாய் அந்தக் காற்றை உறிஞ்சிப் பெட்டிக்குள் கொண்டு போகும். உள்ளே எட்டு சென்சார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை ஆவிக்கு அசைந்து கொடுக்கும். எட்டும் சேர்ந்து கம்ப்யூட்டரில் எட்டுக் கோடுகள் போடும். அந்தக் கோடுகளின் சாயலை வைத்து இது நல்லது, இது கெட்டது என்று இயந்திரம் சொல்ல வேண்டும்.

நான் அதற்கு ‘மின்நாசி’ என்று பெயர் வைத்தேன். தூய தமிழில் பெயர் வைப்பதில் எனக்கு எப்போதும் ஒரு மோகம். கிட்டங்கியில் பூண்டு பிரிக்கும் பெண்கள் அன்று மாலைக்குள் அதை ‘தும்பிக்கை’ ஆக்கிவிட்டார்கள்.

“மின்நாசின்னா என்ன சார்? நாசமாப் போறதா?” என்று ஒருத்தி கேட்டாள். கொட்டகை முழுவதும் சிரிப்பு. நாசி என்பதே வடசொல் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இன்ஜினியர் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தெளிவாகப் பேசினார். “சார், இந்த மிஷினுக்குத் தானா எதுவும் தெரியாது. ஒரு நல்ல மூக்கு, இது நல்லது, இது கெட்டதுன்னு நிறைய ஜாடிக்குச் சொல்லணும். அதைப் பார்த்துத்தான் இது கத்துக்கும். முதல்ல எனக்கு அந்த மூக்கைக் கண்டுபிடிச்சுக் குடுங்க.”

மூக்குத் தேர்வு வைத்தோம். பத்து ஜாடி, எல்லாவற்றிலும் துணி கட்டி மறைத்திருந்தது. எந்த ஜாடியில் அழுகல் இருக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு பேர் உட்கார்ந்தோம். மச்சினன் ஐந்தாவது ஜாடியில் தும்மத் தொடங்கி எழுந்து போய்விட்டான். நான் பத்துக்கு நான்கு சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிவிட்டிருந்தால் ஐந்து வந்திருக்கும். பத்துக்குப் பத்து சொன்னது ஒரே ஒருவர். கெங்குவார்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு அம்மா. ஐம்பதைத் தாண்டியவர். கிட்டங்கியில் இருபது வருடமாகப் பூண்டு பிரிக்கிறவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

அவர் ஒரு ஜாடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் மூக்கை வைத்துக்கொள்வார். ஏன் என்று இன்ஜினியர் கேட்டார்.

“நம்ம மேல் வாசம் நமக்குத் தெரியாதுல்லத்தா. அதான், மூக்கு அங்கன போயி செத்த இளைப்பாறிட்டு வரும்.”

இன்ஜினியர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். “சார், இந்த அக்கா மூக்கு ஒண்ணு போதும். மத்தவங்களைச் சேர்த்தா குழப்பம்தான்” என்றார். ‘மத்தவங்க’ என்றபோது என் பக்கம் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

மச்சினன் அங்கேயே வாக்குக் கொடுத்தான். மிஷின் தேறிவிட்டால் அதற்கென்று ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி. ஒவ்வொரு மூடையும் போவதற்கு முன் அந்த அம்மாதான் அங்கே உட்கார்ந்து பார்ப்பார். இனிமேல் தரையில் உட்கார்ந்து பிரிக்க வேண்டியதில்லை.

“சேர்ல உக்காந்து வேலையா?” என்று அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, “முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு சார். தரையில உக்காரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. தரையில உக்காராம நான் என்ன, பறந்துக்கிட்டா பூண்டு பெறக்குறது?” என்றார்.

அந்த வாரமே தேனியிலிருந்து நாற்காலி வந்து இறங்கியது. நீல நிறம். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அறையில் வைத்திருந்தார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அந்த அம்மா கதவருகே நின்று அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவார்.

அடுத்தது படிவம். அதைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. கெட்டுப்போனால் பூண்டுக்கு இயல்பாக உள்ள அந்தக் காரமான வாசம் மங்கிவிடும் என்பது என் வேதியியல். எனவே பூண்டின் இயல்பான வாசம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் போதும். மிகுதி என்றால் முதல் தரம், குறைவு என்றால் கழிவு. இன்ஜினியர் ‘வாசனை’ என்று போடலாம் என்றார்.

“வாசனை வடசொல் அம்மா” என்றேன்.

“அப்ப மணம்?”

“மணம் என்றாலே நல்லது என்று ஆகிவிடுகிறது. அறிவியலுக்கு நடுநிலையான சொல் வேண்டும். பழந்தமிழில் நாற்றம் என்றால் வெறும் வாசம்தான். பூவுக்கும் நாற்றம் உண்டு.”

“கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குமே சார்.”

“பழகிவிடும்.”

இப்படியாக, ‘பூண்டின் நாற்றம்: மிகுதி / நடுத்தரம் / குறைவு’ என்று அச்சடித்துக் கொண்டுவந்தேன். கீழே ‘சரிபார்த்தேன்’ என்று ஒரு வரி, என் கையெழுத்துக்கு.

முதல் நாள் படிவத்தை வாங்கிய அந்த அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். சிறிது நேரம் நின்றார். நான் அப்போது போனில் பேரனுடைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சார், நாத்தம்னு போட்ருக்கீகளே.”

“ஆமாம்.”

“நாத்தம்னா நாத்தம்தானே சார்?”

“நாற்றம் என்றால் நாற்றம்தான். அது எவ்வளவு இருக்கிறதோ அதைக் குறித்தால் போதும்.”

“சரி சார்” என்று உள்ளே போனார். இரண்டு பேரும் அவ்வளவு ஒருமனதாக ஒத்துக்கொண்டோம். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது நேர் எதிரான இன்னொன்று. ஒருமுறை தலையை நிமிர்த்தி, “எதுக்கும்மா கேக்குறீங்க?” என்று கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

இருபத்து நான்கு நாள், நாளுக்குப் பத்து ஜாடி. காலையில் நான் ஜாடிகளில் நல்லதும் அழுகலும் மாற்றி மாற்றி நிரப்பி எண் ஒட்டுவேன். எதில் எது என்ற பட்டியல் என் பையில் மட்டும் இருக்கும். அந்த அம்மா மோந்து படிவம் நிரப்ப, அதே ஜாடியைத் தும்பிக்கையும் உறிஞ்சிக் கோடு போட்டுக்கொள்ளும். விடை தெரிந்தவன் சோதனை அறைக்குள் இருக்கக் கூடாது, அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்ற விதியை நான்தான் சொன்னேன். அந்த விதியின்படி எதிர்க் கடையில் உட்கார்ந்து பருப்பு போண்டாவும் செய்தித்தாளுமாகப் பகலைக் கழித்தேன். அந்தக் கடையில் போண்டாவுக்குக் கொடுக்கும் சட்னி அருமையாக இருக்கும்.

மாலையில் பத்துப் படிவமும் என் கைக்கு வரும். என் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் அந்த வரியே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். பத்துக்குப் பத்துச் சொன்ன மூக்காயிற்றே, ஒப்பிட என்ன இருக்கிறது என்று போட்டுவிடுவேன். நாற்பதாவது படிவத்துக்கு மேல் அவற்றை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடியோரங்களை விசிறி போல் விலக்கி வைத்துக்கொண்டு வரிசையாகக் கையெழுத்திட்டேன். அழகான கையெழுத்து என்று மச்சினன் பாராட்டினான்.

இன்ஜினியர் படிவங்களைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். “சார், படிவத்தோட அச்சாப் பொருந்துது. இந்த அளவுக்கு ஒரே சீரான மூக்கை நான் பார்த்ததே இல்லை” என்று போனில் மகிழ்ந்தார். நான் மனைவியிடம் அதைச் சொல்லி, என் படிவத்தின் தெளிவும் ஒரு காரணம் என்று சேர்த்துச் சொன்னேன்.

புரட்டாசியில் ஒரு நாள் கேரளத்து வியாபாரி நேரில் வந்தார். சந்தன நிறச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. அவர் முன்னால் நான்கு ஜாடி வைத்தோம். முதலில் மலையிலிருந்து அன்று காலை இறங்கிய பூண்டு. மூடியைத் திறந்தாலே கண்ணில் நீர் வரும் அளவுக்குக் காரம். தும்பிக்கை உறிஞ்சியது. எட்டுக் கோடுகள் ஓடின. திரையில் ‘கழிவு’ என்று வந்தது.

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் குழாயைக் கழற்றி ஊதிவிட்டு மறுபடி மாட்டினார். மறுபடியும் கழிவு.

கடைசி ஜாடியில் இருந்தது ஒரு வாரம் சாக்கில் கட்டிப்போட்டு, தண்ணீர் விட்டுக் கசிந்த பூண்டு. திறந்தபோது வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. திரையில் ‘முதல் தரம்’ என்று பச்சை எழுத்து மின்னியது.

கேரளத்துக்காரர் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நல்ல மனிதர். “சாரே, மிஷினுக்கு ஜலதோஷமாணு. மாறுனா விளிக்கணும், கேட்டோ” என்று, குணமானால் கூப்பிடச் சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

இன்ஜினியர் படிவக் கட்டை மேஜையில் விரித்தார். நான் பையிலிருந்து பட்டியலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். முதல் படிவத்தைப் பார்த்தேன். ஒன்றாம் எண் ஜாடி: நல்ல மலைப்பூண்டு. நாற்றம்: குறைவு. இரண்டாம் எண்: அழுகல். நாற்றம்: மிகுதி. என்ன நடந்தது என்று அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. நல்ல பூண்டில் நாற்றம் ஏது? அழுகலில் நாற்றத்துக்குக் குறைவேது? அந்த அம்மா ஒரு எழுத்துக்கூடத் தப்பாகச் செய்யவில்லை.

“என்ன சார் ஆச்சு? எல்லாமே தலைகீழா இருக்கே” என்றார் இன்ஜினியர். மச்சினன் பக்கத்தில் நின்றான்.

நான் சொன்னது இதுதான். மறக்காமல் அப்படியே எழுதுகிறேன். “எட்டாம் வகுப்புப் படிப்பு. மிகுதி, குறைவு இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டிருப்பார்.”

என் கல்வியைக் காப்பாற்ற அவருடைய கல்வியைக் காட்டிக்கொடுத்தேன். யோசித்துத் திட்டமிட்டுச் சொன்ன பொய் இல்லை. தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது. ஆனால் தும்மிய பிறகு திருத்திக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. பக்கத்திலேயே நின்றார்கள். திருத்தவில்லை.

இன்ஜினியர் மட்டும் படிவங்களைப் புரட்டிக்கொண்டே, “குழம்புறவங்க அங்கங்க குழம்புவாங்க. இவங்க ஒரு இடத்துலகூடக் குழம்பலையே சார்” என்றார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டரில் மிகுதியைக் குறைவு என்றும் குறைவை மிகுதி என்றும் மாற்ற அவருக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. அதற்குப் பிறகு தும்பிக்கை பிசகவே இல்லை. ஒரு மூடைக்குள் ஒரே ஒரு பல் கசிந்திருந்தாலும் சொல்லிவிடும். கேரளத்துக்காரர் மறுபடி வந்து பார்த்து, ஜலதோஷம் மாறியதற்கு வாழ்த்திவிட்டுப் போனார். இயந்திரத்துக்குள் இருந்தது அந்த அம்மாவின் மூக்கு. அந்த அம்மா மட்டும் அறைக்கு வெளியே, கொட்டகைத் தரையில், சாக்கின் மேல் இருந்தார். படிவமே நிரப்பத் தெரியாதவரை எப்படி மேஜையில் உட்கார வைப்பது என்றான் மச்சினன். அவரிடம், ‘எல்லா ஜாடியும் தப்பாப் போட்டுட்டீக’ என்று மட்டும் சொன்னான்.

“வேற ஆளு கிடைக்கிற வரைக்கும் நீங்க உக்காருங்க மச்சான். நம்பிக்கையான ஆளு வேணும்.”

உட்கார்ந்தேன். பத்துக்கு நான்கு வாங்கிய மூக்கு அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் உறையை மட்டும் நான் பிரிக்கவில்லை. பூண்டுத்தோல் பறந்து வந்து ஒட்டும், அதற்காக என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அசைந்தாலே சரசரவென்று சத்தம் கேட்கும். கொட்டகையிலிருந்து, “வாத்தியாரு திரும்புறாரு” என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் அந்த அம்மாவின் குரல் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மூன்று மாதம்.

தை பிறந்ததும் இன்ஜினியர் போன் செய்தார். சென்சார்கள் நாள்பட நாள்படக் கொஞ்சம் தடம் மாறுமாம். மறுபடி ஒரு நூறு ஜாடிக்குப் பாடம் சொல்ல வேண்டும், படிவம் அச்சடித்து வைத்துவிடுங்கள் என்றார்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதே சொல்லைப் போட்டால் மறுபடி அதே கதை நடக்கும். சொல்லை மாற்றினால், ஏன் மாற்றினேன் என்று இன்ஜினியர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி அரைமணி நேரம் போயிற்று. மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, பரீட்சை எழுதுறீகளா?”

சொல்லிவிட்டேன். முதலிலிருந்து கடைசி வரை. நாற்றம் என்று அச்சடித்த இடம் வந்ததும் அவள் சிரிக்கத் தொடங்கினாள். “பூண்டுல போயி நாத்தம் மிகுதி, முதல் தரம்னு… அடக் கடவுளே, இதுக்கு முப்பது வருசம் சம்பளம் வேற குடுத்தாகளே” என்று கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே அவள் திடீரென்று நிறுத்தினாள்.

“அந்தம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னீகளே. இன்னும் தரையிலதான் உக்காந்திருக்கா?”

“ஆமாம்.”

அவள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

கிட்டங்கியில் பதினொரு மணி டீ வந்திருந்தது. எல்லாரும் கொட்டகையில் இருந்தார்கள், மச்சினனும். நான் நின்றபடியே சொன்னேன். சொல் என்னுடையது, தப்பு என்னுடையது, அந்த அம்மா கேட்டபோது நிமிர்ந்து பார்க்காதவன் நான், தெரிந்த பிறகும் படிப்பில்லை என்று பழி போட்டவன் நான். மச்சினன் டீ கிளாஸை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றான்.

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பது அவருக்கு எளிதில்லை.

“அப்ப நான் தப்பாப் போடலையா சார்?”

“ஒன்றுகூட இல்லை.”

“நல்லாயிருக்கு சார் உங்க நியாயம்!” என்றார். குரல் உயர்ந்தது. “மூணு மாசமா என் மூக்கையே நான் நம்பல. பாலு திரிஞ்சிருக்கான்னு தெரியாம மருமகளைக் கூப்புட்டு மோந்து பாருத்தான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். அவகிட்டப் போயி! கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவ சார் அவ. அவகிட்டப் போயி என்னையக் கேக்க வச்சுட்டீகளே!”

கொட்டகை சிரித்தது. அவரும் கடைசியில் கொஞ்சம் சிரித்தார். கண் மட்டும் என்னை விடவில்லை.

“மன்னிக்கணும் அம்மா.”

“அதெல்லாம் பெறகு பாப்பம். இங்கன வாங்க. உக்காருங்க.” பக்கத்திலிருந்த சாக்கைக் காட்டினார். “உங்க பேப்பரை எடுங்க. நான் சொல்றபடி எழுதுங்க.”

உட்கார்ந்தேன். தரையில் சம்மணம் போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“காரம்னு போடுங்க. நல்ல பூண்டுக்கு இருக்குறது காரம். அது தூக்கலா, மட்டா, இல்லையா. எழுதிட்டீகளா? அடுத்து வாடை. மழையில நனைஞ்சு காய வச்சா ஒரு மக்கல் வாடை வரும். அது கழிவு இல்ல, ரெண்டாம் தரம். தனியாப் போடுங்க. கடைசியா நாத்தம். நாத்தம்னா நாத்தம்தான். இருந்தா அள்ளி வெளிய கொட்ட வேண்டியதுதான். அதுக்கு மிகுதி என்ன, குறைவு என்ன?”

அதை இன்ஜினியருக்கு அங்கிருந்தே போனில் படித்துக் காட்டினேன். என் பொய்யையும் சொன்னேன். “எனக்கு அன்னைக்கே சந்தேகம் சார். உங்ககிட்டக் கேக்கத் தயங்கிட்டேன். அதுல என் தப்பும் இருக்கு” என்றார். பிறகு, “அந்த வாடைங்கற கட்டம் எனக்குத் தோணவே இல்லையே. அக்காகிட்டப் போனைக் குடுங்க” என்றார்.

அவர்கள் பேசி முடித்ததும் மச்சினன் அறையிலிருந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து கொட்டகை நடுவில் நிறுத்தினான். அவனே உறையைக் கிழித்தான். இரண்டு பெண்கள் கைகொடுக்க அந்த அம்மா எழுந்து போய் உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை. பக்கத்திலிருந்த பிடியை ஒருத்தி அழுத்த, நாற்காலி பொசுக்கென்று கீழே இறங்கியது. “அடியே, ஆளை முழுங்குதுடி இது!” என்று கத்தினார். மறுபடி எல்லாரும் சிரித்தோம்.

அப்போதுதான் நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. முட்டி இரண்டும் என்னுடையவை போலவே இல்லை. கையை ஊன்றினால் பூண்டு உருண்டது. கடைசியில் மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். வேட்டியெல்லாம் பூண்டுத்தோல்.

நாற்காலியில் இருந்தபடி அந்த அம்மா கேட்டார். “எவ்வளவு நேரம் சார் உக்காந்தீக?”

“அரைமணி நேரம் இருக்கும்.”

“இருபது வருசமா நான் உக்காந்தது என் தலையெழுத்து. அத விடுங்க. கடைசி மூணு மாசம் உங்க கையெழுத்து.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவரே, “டீயக் குடிங்க, ஆறுது” என்று சொன்னார்.

இப்போது அந்த அறையில் அவர்தான் இருக்கிறார். ஒவ்வொரு ஜாடிக்கும் முதலில் தான் மோந்து பார்த்து எழுதிவிட்டுப் பிறகுதான் தும்பிக்கையை உறிஞ்ச விடுகிறார். இரண்டும் ஒத்துப்போனால், “பெத்த தாயைப் போலவே இருக்குல்ல” என்று பெட்டியைத் தட்டிக்கொடுக்கிறார். முட்டி தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த மழைக்காலத்தில் தேய்ந்தது தேய்ந்ததுதான். பஸ் படியில் இப்போதும் பக்கவாட்டில்தான் ஏறுகிறார்.

சனிக்கிழமைகளில் நான் போய்ச் சோதனைக்குப் பத்து ஜாடி நிரப்பித் தருகிறேன். படிவங்களை என் பட்டியலோடு ஒப்பிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது இன்னமும் என் வேலை. போண்டாவை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்கிறேன். படிவக் கட்டை அவரிடம் நீட்டினால் உடனே வாங்கமாட்டார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார்.

“பாத்துட்டுப் போட்டீகளா சார், போட்டுட்டுப் பாத்தீகளா?”

“பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.”

“எத்தனாவது ஜாடியில நாத்தம்?”

“ஏழாவதில்.”

“ம்” என்று வாங்கிக்கொள்வார்.